வரலாம், வராமலும் போகலாம்

சோபாக்காரரும் அவருடைய மனைவியும் ஒரே வீட்டிலிருந்து, ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்தில் கிளம்பித் தனித்தனியாகப் போய்ச் சேர ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் காரில் போவார். அந்த அம்மாள் பஸ்ஸில் வருவார். பெரும்பாலும் பஸ்தான் முன்னால் போய்ச் சேரும். கார் எங்காவது யாரோடாவது வாக்குவாதத்தில் நின்றுகொண்டிருக்கும்.

கடைத்தெருவில் அவருக்குப் பெரிய சோபாக் கடை. உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்க மனம் வராத சோபாக்கள். விலை கேட்க வந்த ஒருவர் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போய், வீட்டார் வந்து எழுப்பிப் பார்த்து முடியாமல், கடைசியில் சோபாவோடு தூக்கிக்கொண்டு போனார்கள் என்று கடைத்தெருவில் சொல்வார்கள். சோபாக்காரர் அதை மறுத்ததில்லை. ஊரையே சாய்ந்து உட்கார வைத்தவருடைய காரில் மட்டும் ஒருவராலும் முதுகைச் சாய்க்க முடிந்ததில்லை.

அவர் வேகமாக ஓட்டுவார் என்று சொல்வது சரியாகாது. வேகம் என்பது சும்மா போவது. அவர் ஒவ்வொரு வண்டியோடும் ஒரு வழக்கு நடத்திக்கொண்டு போவார். ஹாரன்தான் அவருக்கு வக்கீல். அந்த ஹாரனைக் கேட்டுக் கேட்டு, அவர் தெருவில் பிறந்த ஒரு குழந்தை 'அம்மா' என்பதற்கு முன்னால் 'பாம்' என்று பேச ஆரம்பித்தது. தகப்பனார் வந்து புகார் சொன்னபோது, உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறதே என்று பாராட்டி அனுப்பினார் சோபாக்காரர். முப்பது வருஷமாக ஓட்டுகிறேன், வண்டியில் ஒரு கீறல் உண்டா என்பது அவருடைய நிரந்தரக் கேள்வி. உண்மைதான், கீறல் இல்லை. கீறல்களெல்லாம் அவருக்கு ஒதுங்கப் போய்த் தங்கள் காம்பவுண்டுச் சுவரிலேயே உரசிக்கொண்டவர்களிடம் இருந்தன.

அவருடைய மனைவி ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவர். ஊரில் லேப்பம்மா என்பார்கள். எப்போது குத்துவீர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்பவரிடம், முடிந்துவிட்டது, எழுந்திருங்கள் என்பார். முரட்டு ஆட்களெல்லாம் ஊசியைப் பார்த்து அவர் முன்னால் மயங்கி விழுந்திருக்கிறார்கள். அவர் கை ஒருநாளும் நடுங்கியதில்லை. அந்தக் கையால்தான் ஒருநாள் கார்க் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

கண் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி. முன்னால் போன ஒரு மஞ்சள் காரோடு சோபாக்காரருக்கு வழக்கு முற்றிவிட்டது. கொஞ்சம் மெதுவாக என்று லேப்பம்மா சொல்லிக்கொண்டே வந்தார். சிக்னலில் வண்டி நின்றது. லேப்பம்மா இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, பின்னால் நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டார். பச்சை விழுந்ததும் சோபாக்காரர் கிளம்பி, மஞ்சள் கார்க்காரனுடைய குணத்தைப் பற்றி இரண்டு தெரு தாண்டும்வரை மனைவிக்கு விளக்கிக்கொண்டு போனார். பதில் வராததை ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்துத் தயாராக இருந்தார். வரவில்லை. எனக்கு பஸ்ஸே சௌகரியமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார் லேப்பம்மா. அழுதிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம். சௌகரியமாக இருக்கிறது என்கிற ஆளை என்ன செய்வது? சௌகரியத்தை விற்றுப் பிழைக்கிறவருக்கு அந்தச் சொல் எவ்வளவு பெரிய சொல் என்று தெரியும்.

இந்த நிலையில்தான் வெளியூரில் இருந்த மகள் போன் செய்தாள். அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. அப்பா வழக்கம்போல ஆரம்பித்தார். உன் அம்மாவுக்கு வீண் பிடிவாதம் என்றார்.

"பிடிவாதம் இல்லப்பா. அம்மா பயப்படுறாங்க."

"உங்கம்மாவா? அவ எதுக்கும் பயப்பட மாட்டாளே."

"அதைத்தான்பா நானும் சொல்றேன்."

சோபாக்காரர் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தன் கடைச் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அது சௌகரியமாக இல்லை.

மகள்தான் அந்தச் சங்கத்தைப் பற்றியும் சொன்னாள். லைசென்ஸ் வாங்கிப் பல வருஷம் ஓட்டியவர்களுக்கு மேற்கொண்டு ஓட்டச் சொல்லித் தருகிற சங்கம். சம்பளம் கிடையாது. தங்கள் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து, அடுத்தவர் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிற சிலர் அதை நடத்தினார்கள். காசும் வாங்காமல், தெரியாதவன் ஓட்டுகிற வண்டியில், பிரேக் இல்லாத பக்கம் உட்காருகிறவர்கள் எப்படிப்பட்ட ஆட்களாக இருப்பார்கள் என்று பார்க்கவே போனார் சோபாக்காரர். அப்படியே ஒரு சான்றிதழ் வாங்கிவந்து லேப்பம்மாவின் முன்னால் வைத்துவிட்டால் வழக்கு முடிந்தது என்றும் ஒரு கணக்கு.

அறிமுகக் கூட்டம் ஒரு நூலகத்தின் மாடியில் நடந்தது. பேசியவர் ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர். தொழில் பக்தி உள்ளவர்; அவர் பேச்சில் கொஞ்ச நேரத்திலேயே முன்வரிசை முழுவதும் தூங்கிவிட்டது. விழித்திருந்தவர்களிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: இங்கே யாரும் யாரையும் திருத்துவதில்லை, கூட உட்காருவோம், பார்ப்போம், பார்த்ததைச் சொல்லுவோம். அதனால் அந்தச் சங்கத்தில் சொல்லித் தருகிறவர்களுக்குப் பெயரே 'பக்கத்து சீட்டு' என்பதுதான். யார் உங்கள் ஆசிரியர் என்று கேட்கமாட்டார்கள். உங்களுக்குப் பக்கத்து சீட்டு யார் என்பார்கள்.

சோபாக்காரருக்குப் பக்கத்து சீட்டாக வாய்த்தவர் ஒரு கணக்கு டீச்சர். நாற்பதைத் தாண்டியவர். காரில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார் என்றால், பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு வந்த அமைதி வண்டிக்குள் வந்துவிடும். என்னை மறந்துவிட்டு வழக்கம்போல ஓட்டுங்கள் என்று சொன்னார். சோபாக்காரர் மறந்தார். கடைத்தெரு, பாலம், ஆஸ்பத்திரி வளைவு என்று ஒரு சுற்றுப் போய்ப் பல வழக்குகளை ஜெயித்துவிட்டு, நூலக வாசலில் வந்து நிறுத்தினார். டீச்சர் மூச்சு விட்டார். இதுவரை விடவில்லை போலிருக்கிறது.

"எப்படி டீச்சர்? முப்பது வருஷம், ஒரு கீறல் இல்ல."

"ஆமா சார். முப்பது வருஷமா மத்தவங்க ரொம்ப நல்லா ஓட்டியிருக்காங்க."

அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார் சோபாக்காரர். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. புரிந்ததும் கோபம் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகக்கூடாது என்று முடிவு செய்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்பம்மா தனியாக பஸ் நிறுத்தத்துக்கு நடந்துபோவதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று டீச்சர் ஒரு பாடம் வைத்தார். கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். பேசுவதுதானே, கரும்பு தின்னக் கூலியா என்று சோபாக்காரர் ஆரம்பித்தார்.

"முன்னாடி ஒரு வேன் போறான். பின்னாடி பாக்குற பழக்கமே இல்லாத ஜென்மம். அவங்கப்பன் மாவு மில் ஓட்டியிருப்பான், அதான் நின்ன இடத்துலயே சுத்தறான். அந்தப் பக்கம் ஒரு அம்மா, குறுக்க வராது, நம்மளைப் பாத்து பயந்துடும். இதோ ஒரு சைக்கிள். ஹாரன் அடிச்சா ஒதுங்கிடுவான்."

"சார், ரோட்டுல இருக்கறதைச் சொன்னா போதும். அவங்க பரம்பரை வேண்டாம்." டீச்சர் நிதானமாகத்தான் சொன்னார். "வராது, பயந்துடும், ஒதுங்கிடுவான். இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?"

"அனுபவம்."

"இது அனுபவம் இல்ல சார், ஜோசியம். அந்த 'வான்' எல்லாத்தையும் எடுத்துட்டு 'லாம்' போட்டுப் பாருங்க."

சோபாக்காரருக்கு இது கணக்குப் பாடமா இலக்கணப் பாடமா என்று சந்தேகம் வந்தது. இருந்தாலும் சொல்லிப் பார்த்தார். சைக்கிள் ஒதுங்கலாம். அப்புறம் என்று கேட்டார் டீச்சர். அப்புறம் என்ன அப்புறம்? ஒதுங்கலாம், அவ்வளவுதான். டீச்சர் காத்திருந்தார். ஒரு லாம் போட்டால் அதற்கு ஜோடியாக இன்னொரு லாம் வந்தே தீரும் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"ஒதுங்காமலும் போகலாம்," என்றார்.

அந்த இரண்டாவது லாம் வாயை விட்டு வெளியே வந்ததும், அவருடைய கால் தானாக ஆக்ஸிலேட்டரிலிருந்து மேலே எழும்பியது. அவர் எழுப்பவில்லை. அதுவாக எழும்பியது. அதை அவரும் கவனித்தார், டீச்சரும் கவனித்தார். சைக்கிள்காரர் மட்டும் ஒன்றையும் கவனிக்காமல் நடுரோட்டில் நின்று, கழன்ற செருப்பை மாட்டிக்கொண்டு, மெதுவாகப் போனார்.

லாம் என்பது அந்தச் சங்கத்தின் சொத்து. அங்கே அதை வருஷக்கணக்காகப் பழகியவர்கள் உண்டு. அவர்களில் ஒருவருக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று பெரியவர்கள் சபையில் கேட்க, பிடிக்கலாம் என்று பதில் சொல்லிவிட்டார். கல்யாணம் இரண்டு வருஷம் தள்ளிப்போயிற்று. இப்போது அந்த அம்மாளும் சங்கத்தில்தான் இருக்கிறார்.

மூன்றாவதோ நான்காவதோ ஞாயிற்றுக்கிழமை, விடுமுறையில் காலியாகக் கிடந்த மொத்த வியாபார மார்க்கெட்டின் முற்றத்துக்கு வண்டியை விடச் சொன்னார் டீச்சர். ஒரு மூலையில் காலி அட்டைப்பெட்டிகள் குவிந்து கிடந்தன. அவற்றை எடுத்து முற்றத்தின் நடுவில் ஆள் உயரத்துக்குச் சுவர்போல அடுக்கினார். பிறகு, முதல் நாளிலிருந்து கேட்க நினைத்ததைக் கேட்டார்.

"சார், இந்தப் பக்கத்து மிதியடியில ஓட்டை இருக்கே. எலித் தொல்லையா?"

"எலிதான் டீச்சர். மிதியடியை மாத்தி மாத்திப் பாத்துட்டேன். மறுபடியும் அதே இடத்துலயே கடிச்சுடுச்சு."

டீச்சர் ஓட்டையை இன்னொரு தரம் பார்த்தார். சாவியைக் கேட்டு வாங்கினார். நீங்கள் பிரேக் போடுகிற மாதிரியே போட்டுக் காட்டுகிறேன், ஒரு தரம் இந்தப் பக்கம் உட்காருங்கள் என்றார். சொந்தக் காரில் அந்த சீட்டில் சோபாக்காரர் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் கார் வேறு காராக இருந்தது. முன்னால் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கண்ணாடி அவருக்காகத் திருப்பி வைக்கப்படவில்லை. வருவது எல்லாம் தெரிந்தது, எதையும் செய்ய வழியில்லை.

டீச்சர் கிளம்பினார். அட்டைச் சுவர் பெரிதாகிக்கொண்டே வந்தது. இப்போது பிரேக் போடுவார் என்று சோபாக்காரர் நினைத்தார். போடவில்லை. சரி, இப்போது. இல்லை. அட்டையில் அச்சடித்திருந்த பிஸ்கட் கம்பெனியின் பெயரைப் படிக்க முடிந்தது. பிறகு அதற்குக் கீழே இருந்த பொடி எழுத்தையும் படிக்க முடிந்தது. அப்போது வண்டி நின்றது. சரியாக அவர் வழக்கமாக நிறுத்துகிற மாதிரி, முன்னால் இருப்பதை முகர்ந்து பார்க்கிற தூரத்தில்.

சோபாக்காரர் குனிந்து பார்த்தார். அவருடைய கால் மிதியடியின் ஓட்டைக்குள் இருந்தது. கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. கீழே தகரம் தட்டும்வரை அழுத்திக்கொண்டிருந்தார்.

எலி இல்லை.

அவர் வெகுநேரம் காலை எடுக்கவில்லை. இந்தக் காரில் இத்தனை வருஷமும் இரண்டு பேர் பிரேக் போட்டிருக்கிறார்கள். ஒருவருடைய பிரேக்குக்குத்தான் வண்டி கட்டுப்பட்டிருக்கிறது. ஒரு காலத்தில் லேப்பம்மா காரில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவார். கடைப் பலகைகளை வேண்டுமென்றே தப்பாகச் சேர்த்துப் படித்துச் சிரிக்க வைப்பார். அது எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தார். நின்ற நாள் தெரியவில்லை. பேச்சு நின்று கால் வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறது, அவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

டீச்சர் அவரைப் பார்க்காமல் அட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எங்க கார்ல ஜன்னலுக்கு மேல கைப்பிடி இருந்துச்சு சார். எங்கம்மா அதைப் பிடிச்சுப் பிடிச்சு, ஒருநாள் அது கழண்டு கையோட வந்துடுச்சு. அவங்க ஒண்ணும் சொல்லல. அதைக் கையில வச்சுக்கிட்டே வீட்டுக்குள்ள போனாங்க. அதுக்கப்புறம்தான் நான் இங்க சேர்ந்தேன்."

அதன் பிறகு சோபாக்காரர் சான்றிதழைப் பற்றிப் பேசவில்லை. வாரா வாரம் வந்தார். லாம் போட்டு ஓட்டினார். ரோட்டோரம் நிற்கிற கார்களில் கதவு திறக்கலாம், பந்து வந்தால் பின்னாலேயே குழந்தை வரலாம், பச்சை விழுந்திருந்தாலும் எதிரே ஒருவன் புகுந்து வரலாம். உலகம் திடீரென்று ஆள் நடமாட்டம் அதிகமான இடமாக ஆகிவிட்டது. இதற்கு முன் அவர் பார்த்ததெல்லாம் வழி மறிக்கிற வண்டிகளை மட்டும்தான். இப்போது ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இந்தப் பழக்கம் கடைக்கும் வந்தது. சோபா பத்து வருஷம் வருமா என்று கேட்டவரிடம், வரலாம், வராமலும் போகலாம் என்று சொல்லிவிட்டார். கடைப் பையன்கள் தலையில் கை வைத்தார்கள். இவ்வளவு யோக்கியமான கடையா என்று அந்த மாதம் கூட்டம் தாங்கவில்லை.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. போய்ப் பார்க்க வேண்டும். அரை நாள் பிரயாணம். ஒருவர் காரிலும் ஒருவர் பஸ்ஸிலும் போய், பேத்தி முகத்தில் முதன்முதலாகத் தனித்தனியாக விழிப்பதா? சோபாக்காரருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது அதுதான்.

மனைவியைப் பற்றி அவர் இதுவரை நினைத்ததெல்லாம் ஜோசியம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வருவாள், ஒத்துக்கொள்வாள், இரண்டு நாளில் சரியாகிவிடுவாள். எல்லாம் வாள், வாள், வாள். சாப்பாட்டு மேஜையில் மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"ஞாயித்துக்கிழமை குழந்தையைப் பாக்க கார்ல போறேன். நீயும் வரலாம். வராமலும் போகலாம்."

லேப்பம்மா கரண்டியை வைத்துவிட்டு, காய்ச்சலா என்று பார்ப்பதுபோல அவர் முகத்தைப் பார்த்தார். அதற்கு மேல் வற்புறுத்தல் ஒன்றும் வரவில்லை என்று உறுதியானதும், நிபந்தனை சொன்னார். பாதி வழியில் ஒரு ஊர் வருகிறது. அங்கே பஸ் நிலையத்தில் நிறுத்த வேண்டும். அதுவரை காரில் வருகிறேன். மேற்கொண்டு காரா பஸ்ஸா என்பதை அங்கே போய்ச் சொல்கிறேன்.

சோபாக்காரர் டீச்சருக்கு போன் செய்து, என்ன செய்யட்டும், எதையாவது விசேஷமாகப் பழக வேண்டுமா என்று கேட்டார். பாதி வழியில் நிறுத்தச் சொன்னார்களா, நிறுத்துங்கள், அதுதான் பாடம் என்று சொல்லிவிட்டார் டீச்சர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்பம்மா ஏறி உட்கார்ந்தார். பையைப் பின்னால் வைக்கவில்லை. இறங்கப் போகிறவர்போல மடியிலேயே வைத்துக்கொண்டார். சோபாக்காரர் ஓட்டினார். பழக்கதோஷத்தில் வாயும் கூடவே ஓடியது. முன்னால் டிராக்டர், திரும்பலாம். ஓரத்தில் நாய், எழுந்திருக்கலாம்.

"யார்கிட்ட பேசுறீங்க?"

"ரோட்டுகிட்ட."

"அது பதில் சொல்லுதா?"

"சொல்லுது. நான்தான் இத்தனை நாளா கேக்கல."

லேப்பம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். கொஞ்ச தூரம் போனதும் பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உரித்துச் சுளைகளை நீட்டினார். வாங்கிக்கொண்டார். இன்னும் கொஞ்ச தூரத்தில் லேப்பம்மாவின் முதுகு சீட்டில் சாய்ந்திருந்தது. ஒரு கண்ணால் அதைப் பார்த்த சோபாக்காரருக்கு உள்ளுக்குள் யாரோ மேளம் கொட்டினார்கள்.

பாதி வழி ஊர் வந்தது. ஊருக்கு வெளியே சாலை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ஊருக்குள், பஸ் நிலையத்துக்கு. மற்றது ஊரைச் சுற்றிக்கொண்டு நேராகப் போகிற புறவழிச் சாலை. அகலமான, வழவழப்பான சாலை. சோபாக்காரர் யோசித்தார். சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். பழம் கொடுத்தாள். இனி எதற்கு அந்த நெரிசலுக்குள் போய் நிறுத்த வேண்டும்? இனிமேல் இறங்கமாட்டாள். இப்படியே போய்விட்டால் அவளே ஒன்றும் கேட்கமாட்டாள்.

இறங்கமாட்டாள், கேட்கமாட்டாள். இரண்டு மாட்டாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததும் அவருக்குத் திடுக்கென்றது. பிரிவு நெருங்கிவிட்டிருந்தது. கடைசி நேரத்தில் இண்டிகேட்டரைத் தட்டி, ஊருக்குள் திரும்பினார்.

பஸ் நிலையத்தில், நிழலான இடமாகப் பார்த்து, குலுக்கல் இல்லாமல் நிறுத்தினார். வாயைத் திறக்கவில்லை. பக்கத்திலேயே அவர்கள் போகிற திசையில் ஒரு பஸ் நின்றது. லேப்பம்மா அதைப் பார்த்தார். பெல்ட்டைக் கழற்றினார்.

"நான் இதுல வந்துடுறேன்," என்றார். பையோடு இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

சோபாக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தன் மேல் என்ன தப்பு என்று ஒரு தரம் கேட்டுக்கொண்டார். பதில் தெரிந்ததுபோலவும் இருந்தது, தெரியாததுபோலவும் இருந்தது. பஸ் கிளம்பியது. அவரும் கிளம்பினார்.

ஊரைத் தாண்டியதும் நீளமான நேர்ச்சாலை. எதிரே ஒரு வண்டி இல்லை. பழைய சோபாக்காரர் என்றால் ஒரே அழுத்தாக அழுத்தி, பஸ்ஸை முந்தி, முந்தும்போது டிரைவருக்குத் தன் அபிப்பிராயத்தையும் ஹாரனில் சொல்லிவிட்டு, மகள் வீட்டுக்கு முதலில் போய், நடந்ததைத் தன் பக்கத்திலிருந்து சொல்லியிருப்பார். முந்துவதற்கு இப்போதும் இடம் இருந்தது. ஆனால் முன்னால் போவது அந்த பஸ் மட்டும் இல்லை. அதற்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். முந்தினால் அந்த ஆள் முகம் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குத் தைரியம் இல்லாமல்தான் அவர் பின்னாலேயே போனார் என்று சொன்னாலும் தப்பில்லை.

"முன்னாடி பஸ்," என்று யாரும் கேட்காத வண்டிக்குள் சொன்னார். "நிக்கலாம். யாராவது இறங்கலாம்."

இடைவெளி விட்டு ஓட்டினார். பஸ்ஸின் பின்கண்ணாடியில் புழுதி அப்பியிருந்தது. அதில் ஒரு மூலையில் வட்டமாக யாரோ துடைத்திருந்தார்கள். குழந்தை ஏதாவது விளையாடிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தே கொன்றது. ஓரம் கொடுத்தார். பிறகு எங்கிருந்தோ ஒரு ஜீப் வந்து, அவர் விட்டிருந்த இடைவெளியைத் தனக்கென்று விட்டதாக நினைத்து உள்ளே நுழைந்தது. அவருடைய கை ஹாரன் மேல் போய் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு எழுந்து பழைய இடத்துக்கு வந்தது. அவர் மறுபடியும் முதலிலிருந்து இடைவெளி விட ஆரம்பித்தார். ஜீப் போய்விட்டது. பஸ் போய்க்கொண்டே இருந்தது. அழுகை மாதிரி ஏதோ ஒன்றும் வந்தது. அதற்கும் ஓரம் கொடுத்தார்.

ஒரு கைகாட்டி மரத்தடியில் பஸ் நின்றது. அவரும் எட்டி நிறுத்தினார். ஏணி வைத்திருந்த ஒருவர் ஏணியோடு இறங்கினார். அந்த ஏணி எப்படி பஸ்ஸுக்குள் போயிற்று என்பது யாருக்கும் தெரியாது. அவருக்குப் பின்னால் லேப்பம்மா இறங்கினார். நேராகக் காருக்கு வந்தார். கையில் இருந்த கைக்குட்டை புழுதியில் கறுத்திருந்தது.

"என்னாச்சு, இடம் இல்லையா?" என்றார் சோபாக்காரர்.

"கடைசி சீட்டு. நல்ல இடம். எல்லாம் தெரியுது."

அவர் கைக்குட்டையைப் பார்த்தார். துடைத்த வட்டம் ஞாபகம் வந்தது. லேப்பம்மா ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"நான் பக்கத்துல இருக்கறப்ப நல்லாத்தான் ஓட்டுனீங்க. அது எனக்காக ஓட்டுனது. நான் இல்லாதப்ப எப்படின்னு பாக்க வேண்டாமா? ஒரு தரம் ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, நோய் இல்லன்னு நாங்க யாருக்கும் தைரியம் சொல்றதில்ல."

"அந்த ஜீப்பு..."

"பாத்தேன். ஹாரனுக்குக் கை போச்சு."

"வந்துடுச்சுல்ல?"

"வந்துடுச்சு." லேப்பம்மா முன்னால் பார்த்தபடியே இருந்தார். "ஆனா அந்தப் புறவழிச் சாலைகிட்ட இண்டிகேட்டர் லேட்டு."

"ஒரு நிமிஷம் யோசிச்சுட்டேன்."

"தெரியும். அதான் பஸ்ல ஏறினேன்."

சாலையில் வரிசையாக லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சோபாக்காரர் பல பதில்களை எடுத்துப் பார்த்தார். எல்லாம் வக்கீல் பேசுகிற பதில்களாக இருந்தன. ஒவ்வொன்றாகக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கார் இதுவரை கேட்டிராத ஒரு வார்த்தையைச் சொன்னார்.

"தப்புதான்."

லேப்பம்மா தலையை ஆட்டினார். அது மன்னிப்பா, குறித்துக்கொண்டேன் என்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. லாரிகள் முடிவதாக இல்லை. அவர் கையைக் கட்டுப்படுத்திக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். லேப்பம்மா அதையும் கவனித்துவிட்டார்.

"குழந்தை தூங்கிடும்னு அவசரப்படாதீங்க," என்றார். "தூங்கினா, தூங்குறதைப் பாப்போம்."